மோர் கொடுத்து அனுப்பியவள்

கதைகளில் பெண்கள் சாவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. பெரிய நாவல்கள் என்று பெயர் எடுத்தவற்றில் பாதியையாவது வாசித்திருப்பேன். நல்லவளாக இருந்தால் காசநோய், பேர் கெட்டவளாக இருந்தால் கிணறு, இரண்டுக்கும் நடுவில் நின்றால் நெருப்பு. அவற்றைப் படமாக எடுக்கிறவர்கள் இன்னும் தாராளம். புத்தகத்தில் தப்பிப் பிழைத்தவளையும் கடைசி ரீலில் பிடித்துத் தள்ளிவிடுவார்கள். எழுதியவர்களெல்லாம் இரக்கமுள்ள ஆட்கள்தான். அவளுக்காக அவர்களே அழுவார்கள், அவர்களே கொல்வார்கள். இப்போதெல்லாம் ஒரு நாவலில் ஒருத்தி தனியாக வாசல்படி தாண்டினாலே நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறேன்.

ஆனால் நான் முதன்முதலில் கேட்ட நாவலில் யாரும் சாகவில்லை. அதைச் சொன்னவர் என் சாச்சி, உம்மாவின் தங்கை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். முறிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் அவர்தான். சாச்சியின் மாப்பிள்ளை அப்படிப் போய் நாலு வருடமாகியிருந்தது. வீடு சாச்சிக்கு மிஞ்சியது. அந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஊர் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதும் அவருக்கே மிஞ்சியது.

மாப்பிள்ளை போன காரணம் ஒரு லொறி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் குழப்பம் நடந்த காலத்தில் ஒருநாள், அக்கரைப்பற்றில் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன சாச்சிக்குத் திரும்பிவர பஸ் இல்லை. அந்தப் பக்கமாக வந்த நெல் லொறியில் முன் சீட்டில் ஏறி வந்து சந்தியில் இறங்கினார். இறங்கியதைப் பார்த்தவர்கள் நாலு பேர். பார்த்ததாகச் சொன்னவர்கள் நாற்பது பேர். சாச்சி ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். லொறிக்காரனின் வயதான தாய் தனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தார் என்று. அந்தக் கிழவியைச் சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. நம்பியவர்களும் ஒரு மாதிரித் தலையை ஆட்டித்தான் நம்பினார்கள்.

இந்தக் கதையெல்லாம் எனக்கு அப்போது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்தது சாச்சி சொல்லும் கதைகள். பகல் சோறு தின்று, ளுஹர் தொழுது முடிந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் பாய் இழைக்க அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் யாரும் நாவல் வாசிக்கிற ஆட்கள் இல்லை. சாச்சி வாசித்துவிட்டுச் சொல்லுவார். பாண்டிருப்பில் இருந்த அவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி கொடுத்த புத்தகம் ஒன்று அட்டை கிழிந்து அவரிடமே தங்கிப்போனது. குழப்பத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போய்த் திருப்பிக் கொடுக்க வழி இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தைத்தான் நாலு பகல் எடுத்துச் சொன்னார்.

அதில் ஒரு குமாஸ்தாவின் மனைவி. தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள், மழையில் வழி அடைபட்டு, ஒரு மாட்டுத் தரகனின் வண்டியில் வீட்டுக்கு வருகிறாள். ஊர் கதைக்கத் தொடங்குகிறது. குமாஸ்தா நல்ல மனுசன்தான், ஆனால் ஊரை எதிர்த்துக் கதைக்கத் தெரியாத மனுசன். படியிறங்கச் சொல்கிறான். அவள் வந்த வழியிலேயே, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க நடந்து தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்கிறாள். எருமை இரண்டு வாங்குகிறாள், பால் விற்கிறாள். பல வருடம் கழித்துக் குமாஸ்தா நரைத்துப்போய் வாசலில் வந்து நிற்கிறான். அவள் மோர் கொடுத்து அனுப்பிவைக்கிறாள். சாச்சியின் சொல்லில் கதை அங்கே முடிந்தது.

அந்த மோரைப் பற்றி ஒரு கிழமை சண்டை நடந்தது. கொடுத்திருக்கக் கூடாது என்று ஒரு கட்சி, கொடுத்ததுதான் சரியான அடி என்று மறு கட்சி. வாப்பாவின் ராத்தா, அதாவது அக்கா, எதிர்வீட்டில் இருந்த மாமி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்: "நானெண்டா மோருக்குள்ள உப்ப அள்ளிப் போட்டிரிப்பன்கா."

இப்படி இருக்கும்போதுதான் சாச்சிக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. பாலமுனையில் ஒருவர், மனைவி மௌத்தாகி இரண்டு வருடம், மூன்று பிள்ளைகள், இறக்காமத்தில் வயல். சாச்சிக்கு அந்தக் கலியாணம் வேண்டும். அவர் அதை மறைக்கவும் இல்லை. "எனக்கு வாழ ஆசையா இரிக்கி ராத்தா, என்ன செய்யிற" என்று உம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். மாப்பிள்ளையின் ராத்தா நேரில் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. அவர் மாமிக்குத் தூரத்துச் சொந்தம். ஆதலால் மாமி வீட்டில் வந்து இறங்கினார். மறுநாள் சாச்சி வீட்டுக்கு வருவதாக இருந்தது.

அவர் வந்து இறங்கிய அன்றுதான் மாமியின் மகன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த டீவிக்கும் டெக்குக்கும் வேலை வந்தது. விருந்தாளியை மகிழ்விக்க ஒரு படம் போடுவோம் என்று மாமி நினைத்தார். கடைக்குப் போன மகன் எடுத்து வந்த கசெட்டில் சாச்சியின் புத்தகத்தின் பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒழுங்கையைத் தாண்டி ஓடி வந்தார்.

"இஞ்ச பாருகா, நீ சொன்ன குமாஸ்தாட கதைய படமா எடுத்திரிக்கானுகள்! வா, கெதியா வா, அவவும் இரிக்கா."

சாச்சியின் முகம் ஒரு மாதிரியானது. "அது பழைய படம் மதினி. அழுகப் படம். வேற ஒண்டு போடுவமே."

"அழாம இரிக்கவா படம் பாக்கிற?"

சாச்சி தலையிடி என்றார். நான் விடவில்லை. இந்தப் படத்தின் கதை முழுக்க எனக்குத் தெரியும் என்று ஒழுங்கைப் பிள்ளைகளிடமெல்லாம் பீற்றி வைத்திருந்தேன். சாச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அதை யாரிலும் சாட்ட முடியாது.

கறுப்பு வெள்ளைப் படம். ஜன்னல்களை மூடிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வியர்க்க வியர்க்கப் பார்த்தோம். பாலமுனையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் ராத்தா கதிரையில் இருந்தார். அமைதியான, வெள்ளைச் சேலைக்காரர், எல்லோருடனும் மரியாதையாகக் கதைத்தார். சாச்சி கதவோரம் இருந்தார். வண்டி வந்தது, மழை வந்தது, ஊர் கதைத்தது. எல்லாம் சாச்சி சொன்னபடியே. குமாஸ்தா கையை நீட்டிக் கதவைக் காட்டினான். நாங்கள் எல்லோரும் இனி அவள் பெரிய தெருவுக்குத் திரும்புவாள் என்று காத்திருந்தோம். அவள் கிணற்றடிக்குப் போனாள். "தண்ணி குடிக்கப் போறா போல" என்றார் மாமி. அவள் குதித்தாள். பிறகு குமாஸ்தா அழுது ஒரு பாட்டுப் பாடினான், அவளுடைய படத்துக்கு மாலை போட்டான், திரையில் வணக்கம் வந்தது.

"என்னகா, செத்துட்டா?" என்றார் மாமி. "எருமையெல்லாம் எங்க? மோர் குடுத்தாவெண்டு சொன்னியே!"

"படத்துக்காக மாத்திப்போட்டானுகள் மதினி" என்றார் சாச்சி. "புத்தகத்துல அப்பிடி இல்ல."

அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். பாலமுனைக்காரர் மெதுவாக, யாரையும் புண்படுத்தாத குரலில் சொன்னார்: "இது நல்லம்தானே தங்கச்சி. பேர் கெட்ட பொம்புள மறுகா எருமை வளத்து என்ன? மௌத்தாகினதாலதான் ஊரும் அவவ நல்லவளெண்டு சொல்லிச்சி."

எல்லோரும் சாச்சியைப் பார்த்தார்கள். ஓம் என்று ஒரு சொல் போதும், ஓம் ராத்தா என்று சிரித்துவிட்டு எழும்பி வந்திருக்கலாம். சுண்ணாம்பு அடித்த முன்னறை மறுநாளுக்குக் காத்துக்கொண்டிருந்தது. சாச்சி கதவோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ ஒண்டும் செய்யல்லியே ராத்தா. ஒண்டும் செய்யாதவ என்னத்துக்குக் கிணத்துல பாயணும்?"

"செஞ்சாவோ செய்யல்லியோ, ஊர் கதைச்சிச்சிதானே."

"ஊர் கதைச்சா ஊர் பாயட்டுமே" என்றார் சாச்சி.

ரெண்டொருவர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. சாச்சியை யாரோ பொய்க்காரி என்று சொல்ல வருகிறார்கள், நான் அதை விடப்போவதில்லை என்று மட்டும் எனக்கு விளங்கியது. "புத்தகத்த எடுத்துக் காட்டுவம்!" என்று கத்திவிட்டு எழும்பி ஓடினேன். பின்னால் சாச்சி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

புத்தகம் சாச்சியின் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் இருந்தது. பெரியாட்கள் வாசிப்பது என்று என்னைத் தொட விட்டதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து நடு அறையில் நின்றேன். பள்ளிக்கூடத்து வாசிப்புப் போட்டியில் முதலாம் இடம் எடுத்தவள் நான். சாச்சி, "தா புள்ள, போதும்" என்று கையை நீட்டினார். மாமி, "வாசிக்கட்டும், வாசிக்கட்டும்" என்றார். கடைசிப் பக்கத்தை விரித்து, ரீச்சர் பழக்கிய மாதிரிக் குரலை ஏற்றி இறக்கி வாசிக்கத் தொடங்கினேன்.

ஊர் கிணற்றைச் சுற்றி நின்றது. யாரோ கயிறு கட்டி இறங்கினார்கள். அவள் முகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லாத அமைதி இருந்ததாக எழுதியிருந்தது. முற்றுப்புள்ளி வரும்வரை நிறுத்தக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. "முற்றும்" என்பதையும் வாசித்தேன். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் இல்லை.

"எருமை எங்க சாச்சி?" என்று கேட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. பாலமுனைக்காரர் முந்தானையைச் சரிசெய்தார். மாமிதான் பேசினார். அவர் கெட்ட மனுசி இல்லை. விருந்தாளிக்கு முன்னால் தான் ஏமாந்ததாகத் தெரிந்துவிட்டதே என்ற கோபம் அவருக்கு. மோருக்கு உப்புப் போடுவேன் என்று சண்டை பிடித்தவர் இல்லையா.

"அப்ப எல்லாம் நீயே கட்டிப் போட்டதா? அப்ப அந்த லொறிக்குள்ள இருந்த கிழவி? அவவும் நீ போட்டவதானா?"

சாச்சி எழும்பிவிட்டார். கதவு நிலையில் கை வைத்தபடி, "அவ இருந்தா மதினி" என்றார். ஒரே ஒரு தரம்தான் சொன்னார்.

பாலமுனைக்காரர் மறுநாள் காலையே போய்விட்டார். அவர்களுக்கு இப்போது அவசரம் இல்லையாம் என்று ஒரு கிழமையில் சொல்லி அனுப்பினார்கள். உம்மா என்னை அடித்தார். எதற்கு அடிக்கிறார் என்று சொல்லி அடிக்கவில்லை. அதனால் அது பெரிதாக உறைக்கவில்லை.

சாச்சி அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. படம் பார்த்த அன்றே அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டுக் குசினியில் போய் நின்று, ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஆறு தரம் வாசிச்சன் புள்ள" என்றார். "ஆறு தரமும் அவ கிணத்துக்குத்தான் போறா. எனக்குக் களச்சிப்போச்சி."

களைத்தால் புத்தகத்தை வைத்துவிட்டுப் படுக்கலாமே என்று நான் நினைத்தேன். லொறியில் கிழவி இருந்தாரா என்று அதற்குப் பிறகு ஒருநாளும் நான் அவரிடம் கேட்டதில்லை. இருந்தால்தான் என்ன, இல்லாவிட்டால்தான் என்ன என்று எனக்கே தோன்றுவதற்குள் நானும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு ஊரின் வாயில் விழுந்து எழும்பியிருந்தேன். அதற்குப் பிறகு கேட்க என்ன இருக்கிறது.

பெண்கள் ஒரு மாதம்போல் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், மாமியும் வந்தார். பாய் இழைக்க வேறு நல்ல இடம் இல்லை. ஒருநாள் யாரோ, "ஒரு கதை சொல்லன்கா, கை ஓடுதில்ல" என்றார்கள். சாச்சி ஒரு புதுப் புத்தகத்தின் கதையைச் சொன்னார். அதில் ஒரு விதவை, பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன், ஒரு கடிதம். மூன்று பகல் சொன்னார். மூன்றாம் பகல் அந்த விதவை மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். சாச்சி குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. பாயைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "இதுதான்கா கதை" என்று மாமி மூக்கைச் சிந்தினார்.

எல்லோரும் போன பிறகு நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இந்தத் தரம் சாச்சி என்னைத் தடுக்கவில்லை. சொன்னது எல்லாம் சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. சந்தோசத்தில் வளவைத் தாண்டி ஓடிப்போய், "உம்மா, சாச்சி இப்ப பொய் சொல்றல்ல, உள்ளபடியே சொல்றாங்க" என்றேன். உம்மா ஏனோ சாச்சியின் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்து நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.