பலகை அடித்து மூடிய ஈரம்

மினுக்கு என்று சொன்னால்தான் அவரை ஊரில் தெரியும். இருபத்தாறு வருடமாகப் பெயிண்டர். அவர் பட்டி பூசித் தேய்த்த சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று கொத்தனார்கள் கேலி செய்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளம் குளிரும்.

வெள்ளம் வந்த வருடம் அவருடைய அக்கா வீட்டில் நான்கு நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அக்காவும் மாமாவும் துணி மூட்டையோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இருப்பதே இரண்டு அறை. மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; பக்கத்தில் இருப்பவரிடமும் இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். அக்கா வந்த மூன்றாம் நாளே சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினாள். "இவங்க எப்போ போவாங்க?" என்று பெயிண்டரின் மனைவி ஒரு நாளும் கேட்கவில்லை. பெயிண்டரின் மனசுதான் தினமும் கேட்டது.

அக்கா வீட்டுச் சுவரைக் கொத்தனார் தட்டிப் பார்த்தார். "நனைஞ்ச பூச்சை உடைச்சு எடுத்துட்டு ரெண்டு மூணு மாசம் காய விடுங்க. உள்ள இன்னும் தண்ணி குடிச்சுக் கிடக்கு."

பெயிண்டர் மூன்றே வாரத்தில் வேலையை முடித்துவிட்டார். படுக்கையறைச் சுவரில் மட்டும் ஈரக்கறை ஏறிக்கொண்டே இருந்தது, பட்டி பிடிக்கவில்லை. பிளைவுட் பலகை அடித்து அதை மறைத்தார். மேலே இரண்டு கோட் பெயிண்ட். அக்கா உள்ளே வந்து கண் கலங்கினாள்.

"புது வீடு மாதிரி இருக்குடா தம்பி!"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று பிரஷ்களைப் பொறுக்கிக்கொண்டு நழுவினார்.

அவர்கள் திரும்பக் குடிபோன இரண்டாம் மாதம் மாமா இருமத் தொடங்கினார். அக்கா பழியைச் சிகரெட் மேல் போட்டாள். மாமா நாற்பது வருடப் பழக்கத்தை விட்டார். இருமல் அவரை விடவில்லை. திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார் என்று அக்கா சட்டைப்பைகளைத் துழாவினாள். "நீயே கேளுடா, உன்கிட்ட உண்மையைச் சொல்லுவாரு" என்று தம்பியை உள்ளே அனுப்பினாள்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அறையில் நனைந்த சாக்கு வாடை.

"சத்தியமா தொடலடா. அவ நம்ப மாட்டேங்குறா. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன் மாமா."

மாமாவின் முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பலகை. சொல்லியிருக்கலாம். பெயிண்டர் வெளியே வந்து அக்காவிடம், "விட்டுட்டாருக்கா, பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். 

அடுத்த வாரம் மாமாவுக்கு மூச்சே முட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துச்சா? சுவர்ல ஈரம், பூஞ்சணம் ஏதாவது இருக்கா?"

"ஒரு பொட்டு கிடையாதும்மா. எல்லாம் என் தம்பி கைவேலை" என்று அக்கா பெருமையாக அவரைக் காட்டினாள்.

"இருக்கு டாக்டர்" என்றார் பெயிண்டர்.  "பலகைக்குப் பின்னாடி ஈரம் இருக்கு. தெரிஞ்சேதான் மூடினேன்."

அன்று மதியமே பலகையைப் பெயர்த்தார். சுவர் முழுக்கக் கருப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் மண்டிக் கிடந்தது. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"அப்படி என்னடா அவசரம்?"

"நீங்க எங்க வீட்டுல இருந்தது எனக்குப் பாரமா இருந்துச்சுக்கா."

 "அதைச் சொல்லியிருந்தா வேற இடம் பாத்திருப்போமேடா" என்றாள் அக்கா. "நான் அந்த மனுஷனைப் போட்டு என்ன பாடு படுத்திட்டேன்!"

இந்த முறை அவர்கள் தம்பி வீட்டுக்கு வரவில்லை. பெயிண்டரின் மனைவியே போய்க் கூப்பிட்டும், பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறைக்குப் போனார்கள். பெயிண்டர் அக்கா வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைத்து, மூக்கில் துணி கட்டி, ஊறிய பூச்சு முழுவதையும் தானே கொத்தி எடுத்தார். மூன்று மாதம் சுவரை அப்படியே காய விட்டார். புதுப் பூச்சு வைத்த பிறகுதான் அக்காவும் மாமாவும் வீடு திரும்பினார்கள்.

மாமாவின் இருமல் குறைந்தது. படி ஏறினால் மட்டும் இன்றும் பாதியில் நின்றுவிடுவார். "சிகரெட் பாதி, சுவர் பாதி, யார் கண்டா?" என்று அவரே சிரிப்பார். பெயிண்டர் அந்தக் கணக்கில் சிகரெட்டுக்கு ஒன்றும் வைப்பதில்லை.

அக்கா பேசுகிறாள். போனால் டீ தருகிறாள். போன மாதம் வாசல் கேட்டுக்கு வேறொரு ஆளை வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தாள். இவர் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார்.