சாய்ந்த கோடு

அண்ணன் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை ‘நேரா இருக்கு’ என்று கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே நான் சில வருடங்களைச் செலவழித்திருக்கிறேன். பதுளையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் இல்லை.

அண்ணன் நமுனுகுலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். இருவரிடமும் அமெச்சூர் வானொலி லைசன்ஸ் இருந்தது. மற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு உலகத்தோடு பேசுவார்கள். நாங்கள் மலையைத் தாண்டிப் போகிற மிகத் தாழ்ந்த அலைவரிசையில், என் வீட்டுப் பலா மரத்து ஏரியல் கம்பியிலிருந்து அவர் குவார்ட்டர்ஸ் வரைக்கும், மோர்ஸ் எழுத்துகளை ஊர்ந்து போக விட்டோம். ஓர் எழுத்து போய்ச் சேருவதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு மெதுவான சத்தம் காதுக்குப் பிடிபடாது. கம்ப்யூட்டர்தான் அதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். அலைவெண் இம்மி நகர்ந்தாலும் கோடு சாய்ந்துவிடும்.

அந்த அலையை உண்டாக்கும் சர்க்யூட்டை வடிவமைத்தது நான். அதிலுள்ள சிப் ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போகும். கூட்டுத்தொகை நிரம்பி வழிகிற ஒவ்வொரு தடவையும் அலை ஒரு சுற்றை முடிக்கும். எந்த எண்ணைக் கொடுக்கிறோமோ அதுதான் அலைவெண். எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், வேண்டாத இடத்திலெல்லாம் மெல்லிய பொய்க்கோடுகள் முளைக்கும். அண்ணன் அவற்றைப் பேய் என்பார். “இன்னைக்கு ரெண்டு பேய் வந்திருக்கு தங்கச்சி, ஓட்டிவிடு” என்று போன் வரும். ஓட்டிவிடுவேன்.

ஆனால் சாய்வை மட்டும் ஓட்ட முடியவில்லை. அவர் கம்ப்யூட்டர் அனுப்பும் படத்தில், காலையில் கோடு கம்பி மாதிரி நேராக இருக்கும். பின்னேரம் அவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் சாயத் தொடங்கும். “பதுளை வெயில்ல ஒன் கிரிஸ்டல் சூடாகுது” என்பார். அலைவெண்ணைப் பிடித்து வைத்திருப்பது கிரிஸ்டல்தான், சூடானால் அது நகர்ந்துவிடும் என்பதால் நானும் நம்பினேன். கிரிஸ்டலை ஒரே சூட்டில் வைத்திருக்கும் சிறிய பெட்டி செய்தேன். சாய்ந்தது. சர்க்யூட்டையே மாற்றி வரைந்தேன். சாய்ந்தது. கடைசியில் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி என் அலையை அதோடு பூட்டினேன்.

“இனி சாயவே சாயாது அண்ணே. ஒங்க ரிசீவரப் பாருங்க.”

“அது ஒரே எடத்துல அசையாம கெடக்கு. அப்ப சாட்டிலைட்டு சாயுதுன்னு சொல்றியா?”

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.

அதற்கடுத்த மாதம் தொழிற்சாலையில், வேலை நேரத்திலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அவர் கடைசிவரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

நான் அனுப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் போனது உறுதியாகிவிடும் என்று பயந்தேன். அவருடைய கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றன்றைய கோட்டைப் படமாக்கி என் போனுக்கு அனுப்பும்படி அவர்தான் செய்து வைத்திருந்தார். அடக்கம் நடந்த அன்றும் படம் வந்தது. காலை முதல் இருட்டும் வரை ஒரே நேர்க்கோடு. மறுநாளும் அப்படியே. இத்தனை வருடம் நான் கெஞ்சிய கோடு அதுதான். பார்க்கச் சகிக்கவில்லை.

ரேடியோ இருந்த அறையைப் பூட்டிவிட்டதாக அண்ணி சொல்லியிருந்தார்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து வந்த படத்தில் கோடு சாய்ந்திருந்தது. பின்னேரம், அவர் வந்து உட்காரும் அதே நேரத்தில், அதே பக்கமாக. அடுத்த நாளும் சாய்ந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் அதைத்தான். இருந்தாலும் பயம் வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்போது பனி இறங்கி, தொழிற்சாலைக் கூரை மறைந்திருந்தது. குவார்ட்டர்ஸ் கதவு திறந்தே கிடந்தது. உள்ளறையில், ரிசீவருக்கும் திரைக்கும் முன்னால், அண்ணனின் கம்பளி குந்தியிருந்தது. ஆவி பிடிக்கிறவர்களைப் போலத் தலையையும் பெட்டிகளையும் சேர்த்து மூடியிருந்தது.

கம்பளி விலகியது. அண்ணி.

“பூட்டித்தாம்மா வச்சிருந்தேன். மனசு கேக்கல. அவரு இப்படித்தான் குளிருக்குப் போத்திக்கிட்டு உக்காருவாரு. சன்னல் வெளிச்சமும் கூசாதும்பாரு. எனக்கு இதுல ஒன்னும் வெளங்காது. சாயுது சாயுதுன்னு ஒன்னத் திட்டுவாரே, அந்தக் கோடு மட்டுந்தான் தெரியும்.”

நான் குனிந்து ரிசீவரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கம்பளிக்குள் அண்ணியின் மூச்சும் உடம்புச் சூடும் கம்ப்யூட்டரின் சூடும் தேங்கி, ரிசீவருக்குள் இருந்த கிரிஸ்டலைச் சூடாக்கியிருந்தன. சாய்ந்தது என் அலை இல்லை. அண்ணன் பார்க்க உட்கார்ந்தால் சாயும். எழுந்து போனால் நிமிரும். அவர் அங்கே இருந்ததைத்தான் நான் இத்தனை வருடம் பழுது என்று நினைத்துத் திருத்தப் பார்த்திருக்கிறேன்.

அண்ணிக்கு முடிந்த அளவு விளக்கிச் சொன்னேன். “கம்பளிய எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் பாருங்க அண்ணி. நேராயிரும்.”

கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குளிர் உள்ளே வந்தது. மெதுவாக, நான் ஆசைப்பட்டபடியே, கோடு நிமிர்ந்தது.

“யாரும் இல்லேன்னா இப்படித்தான் இருக்குமா?”

“ஆமா அண்ணி.”

அண்ணி கம்பளியை உதறி, தலைக்கு மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கும் ஓர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார்.