மாப்பிள்ளையின் காரும் நான் கேட்ட கேள்வியும்

என் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது நான்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடுதான் முறை. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் என் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வயிற்றில் தையல் போட்டவளை எப்படி ஏற்றுவது? துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வேளைக்கு மேல் கை நனைக்காதவள் நான். நாற்பது நாள் இருக்கும்படி ஆகிவிட்டது.

குழந்தை நல்ல குழந்தைதான், ஆனால் திடுக்கிடுகிற குழந்தை. கரண்டி கீழே விழுந்தால் போதும், இரண்டு கையையும் விரித்து, முகம் சிவந்து, ஒரு மணி நேரம் அழும். அது அழுதால் மகளும் எழுந்து உட்கார வேண்டும், தையல் இழுக்கும். சாயங்காலத்தில்தான் இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் கண்ணயர்வார்கள்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வேலை முடிந்து வருவார். தாமான் குடியிருப்பின் முனையில் ரோட்டுக்குக் குறுக்கே மேடு போட்டிருக்கிறார்கள். அதுவரை உறுமிக்கொண்டு வரும் கார், மேட்டுக்காக அவர் காலைத் தளர்த்தியதும் பட பட பட்டென்று வெடிக்கும். பிறகு தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். குழந்தை வீலென்று கத்தும்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன்மா," என்றாள் மகள். "பையனுக்கு இப்பவே பழகட்டும்லான்னு சிரிக்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

எப்படிச் சொல்வது? கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். குறை சொல்லி, அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்போம், அவராகவே புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். கோப்பியை நீட்டினேன்.

"ஏன் மாப்பிள்ளை, கார் வர்றப்ப அப்படி வெடிக்குதே, ஏதும் கெட்டுப்போச்சா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"கெட்டுப்போகல அத்தை, நானே செட் பண்ணி வச்சது. மிதிச்ச காலை எடுத்தா சாதா கார்ல பெட்ரோல் எண்ணெ வர்றது நின்னுடும். இதுல கொஞ்சம் வந்துக்கிட்டே இருக்கும். எஞ்சினுக்குள்ள சரியா எரியாம பின்னால எக்சோஸ்டுக்குப் போயிடும். அந்தக் குழாய் நெருப்பாக் கொதிச்சுக்கிட்டு இருக்குமா, அங்க போய் டப்பு டப்புன்னு பத்திக்கும்."

அங்கேயே நான் "குழந்தை பயப்படுது மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். படித்தவர்கள் பேசும்போது புரியாமல் தலையாட்டிக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. புரிந்தால் புரிந்தது என்று காட்டிவிட வேண்டும்.

"கேஸ் அடுப்ப அணைக்கிறப்ப, மிச்சம் இருக்கிறது டுப்புன்னு பத்துமே, அந்த மாதிரியா?"

அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டார். "கிட்டத்தட்ட அதேதான் அத்தை. என் கூட்டாளிங்களுக்கு இத விளங்க வைக்க நான் பட்ட பாடு இருக்கே. இருங்க, காட்டறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். மிதித்தார், விட்டார். வாசல் கூரைத் தகரம் அதிர்ந்தது. உள்ளே குழந்தை கத்தியது. மகள் ஜன்னலுக்கு வந்து, "அவர நிறுத்தச் சொல்லத்தானே உங்கள அனுப்பினேன், கச்சேரி வைக்கவா?" என்று பல்லைக் கடித்தாள்.

மறுநாளிலிருந்து மேட்டில் ஒரு தடவை, வாசலில் இன்னொரு தடவை. இரண்டாவது எனக்காம். "எங்க அத்தைக்கே புரியுது, உனக்கென்னடா" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி அப்படி ஒருவர் பெருமையடித்து நான் கேட்டதில்லை. அது வேறு என் வாயைக் கட்டிவிட்டது.

ஒரு சாயங்காலம், இன்றைக்குச் சொல்லியே விடுவதென்று வாசலில் போய் நின்றேன். வார்த்தைகளைக்கூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன். கார் வந்தது, வெடித்தது. அவர் கண்ணாடியை இறக்கினார். உள்ளே குழந்தையின் அழுகை தொடங்கியிருந்தது.

"கேட்டீங்களா அத்தை? நான் வந்தது தெரிஞ்சு பையன் கூப்பிடுறான்."

"ஆமா மாப்பிள்ளை" என்றுதான் என் வாயில் வந்தது. குழந்தையைத் தூக்க உள்ளே போனேன்.