பரீதா டீச்சரோட கோர்ட்டு வகுப்பு

பரீதா டீச்சர் மௌத்தாகிட்டாங்க.

காலையில உக்குவளையிலிருந்து அவங்க மக போன் பண்ணினா. "ஆன்ட்டி, உம்மா சுபஹு தொழுதுட்டுத்தான் படுத்தாங்க... எழும்பல." அவ்வளவுதான் சொன்னா.

போன வச்ச பொறகும் அப்படியே உக்காந்திருந்தேன். வெளிய மூடுபனி... மலை இருக்கிற எடமே தெரியல.

எழுபதுகளோட தொடக்கம். மாத்தளை டவுன்ல ஒரு சின்ன தமிழ் ஸ்கூல். நான் புதுசா வந்த கணக்கு டீச்சர், அவங்க தமிழ் டீச்சர். ரெண்டு கிளாஸுக்கும் நடுவுல ஒரு தட்டி மட்டும்.

நான் பின்னம் சொல்லிக் குடுக்கறப்போ, அந்தப் பக்கமிருந்து களவு, கொலை, மறியல்னு சத்தம் வரும்!

எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அவங்க வாசிக்கக் குடுத்தது பேப்பர்ல வர்ற கோர்ட்டுச் செய்தி. கதை இல்ல, நெசமா நடந்தது. வாசிச்சு முடிச்சதும் எப்பவும் ஒரே கேள்வி. "இதுல யார் சொன்னது இருக்கு? யார் சொன்னது இல்ல?"

ஒருநாள் கமலான்னு ஒரு பிள்ள கேட்டா. "டீச்சர், கேஸ்ல மாட்டின ஆள 'எதிரி'ன்னு போட்டிருக்கே... யாருக்கு எதிரி?"

டீச்சர் யோசிச்சாங்க. "எனக்கும் தெரியல. வாங்க, போய்ப் பாப்போம்."

அப்படித்தான் அந்த கிளாஸ் முழுக்க கோர்ட்டுக்குப் போச்சு. தொணைக்கு நானும். இப்போ நெனச்சா கனவு மாதிரி... கூரையில பொறா சத்தம். உசரத்துல இருந்த ஜன்னல் வெயில்ல தூசி மெதக்குது. கருப்புக் கோட்டுக்காரங்க தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி மெதுவா போய் வர்றாங்க.

கூண்டுல சூசைன்னு ஒரு தோட்டத் தொழிலாளி. கொக்கோ காய் களவெடுத்த கேஸ். "எடுத்தேன் தொரை"ன்னார், காதுல விழுந்தும் விழாம. மூணு மாச மறியல்னு ஜெயிலுக்கு அனுப்பினாங்க.

பிள்ளைங்க திரும்பி வந்து கண்டத எழுதினாங்க. ஒருத்தன் "கொடூரமான முகத்தோடு நின்றான்"னு எழுதிட்டான்.

"கொடூரத்த எங்கடா கண்ட? மூக்குலயா, காதுலயா?" டீச்சர் கேட்டதுக்கு என் கிளாஸும் சேந்து சிரிச்சுச்சு.

மறியல் முடிஞ்சு வந்த சூசை ஒருநாள் ஸ்கூல் வாசல்ல வந்து நின்னார். "என்னப் பத்தி இங்க எழுதினாங்களாமே..." சத்தம் போடல. ஹெட்மாஸ்டர் பயந்துபோய் கேட்ட மூடச் சொன்னார்.

பரீதா டீச்சர் தான் உக்கார்ற கதிரையத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. "உள்ள வாங்க அண்ணே. உங்களப் பத்தி எழுதினது, நீங்க கேக்கணும்."

கமலா எழும்பி வாசிச்சா. தட்டி ஓரமா நான் நின்னேன்.

"தீர்ப்புச் சொன்னபோது அவர் வாசலைப் பார்த்தார். அவருக்காக யாரும் வரவில்லை."

"வந்தா, பிள்ள." சூசைதான். "எம் பொண்டாட்டி வெளிய மாமரத்துக்குப் பின்னால நின்னா. உள்ள வர வெக்கம்."



டீச்சர் கமலா பக்கத்துல போனாங்க. "'யாரும் வரவில்லை'ங்கிறத வெட்டு. 'நாங்கள் காணவில்லை'ன்னு எழுது."

"எனக்குப் படிக்கத் தெரியாது," சூசை சொன்னார். "இன்னொருக்கா வாசி பிள்ள..."

திருத்தினத வாசிச்சா. அவர் கண்ண மூடிக் கேட்டார். பொறகு எழும்பி, பிள்ளைங்களப் பாத்துத் தலைய ஆட்டிட்டு வெயிலுக்குள்ள எறங்கிப் போனார்.

கள்ளனக் கதிரையில உக்கார வச்சாங்கன்னு பெத்தவங்க சிலபேர் பெட்டிசன் போட்டாங்க. டீச்சருக்கு லக்கல பக்கம் ஒரு காட்டூருக்கு டிரான்ஸ்ஃபர்.

பஸ் ஸ்டாண்ட்ல அழுதது நான்தான். அவங்க சிரிச்சாங்க. "அங்க வயல்ல களவெடுக்கிறது யானை, தங்கச்சி. அது பக்க நியாயத்தையும் கேட்டு எழுதச் சொல்றேன்."

சொன்ன மாதிரி எழுத வச்சு, பல வருஷம் அங்கேயே படிப்பிச்சாங்க.

போன நோன்புக்கு முந்தி போய்ப் பாத்தேன். கண்ணு மங்கிப் போச்சு. பேப்பர் வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க.

"கோர்ட்டுச் செய்தியா டீச்சர்?"

"வேணாம்... எங்கெங்க மழை பெஞ்சுச்சுன்னு வாசி."

ஊர் ஊரா வாசிச்சேன். ஒவ்வொரு ஊருக்கும் "ம்" போட்டாங்க.

ஜனாஸா அடக்கம் இன்னைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு. உக்குவளைக்குப் பொறப்படுறேன்.

சலாம், டீச்சர்...