என் மந்திரத்தைக் குறைத்த சாலமன் அண்ணன்

சாலமன் அண்ணன் இறந்த செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் அவரை எதிர்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் அவர் கொண்டுவந்த விதி மாற்றம் எப்படி அநியாயம் என்று பாதி விளக்கியிருந்தேன். அப்போது அவர் எண்ணிலிருந்தே ஒரு செய்தி வந்தது. வழக்கம்போல முந்திக்கொண்டு பதில் போட்டுவிட்டார் என்று எரிச்சலோடு பார்த்தேன். எழுதியிருந்தது அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா. காலையில் நெஞ்சு வலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது, சாயந்திரம் அடக்கம்.

உங்களில் பலருக்கு அவர் அரிசி ஆலை அலுவலகத்து சாலமன். சிலருக்குச் சபையின் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பவர். எனக்கும் குமரேசனுக்கும் பிரேமாவுக்கும் அவர் ஆட்டம் நடத்துபவர். ஞாயிறு மதியங்களில் குமரேசனின் பட்டுப்புடவைக் கடைக்கு மேலேயுள்ள அறையில் நாங்கள் கூடி என்னதான் செய்கிறோம் என்று கேட்டவர்கள் உண்டு. யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அது கதை சொல்லி ஆடும் ஆட்டம். அவர் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டு வந்தது. குமரேசன் வாள் வீரன், பிரேமா வைத்தியர், நான் மந்திரவாதி. காடு, கோட்டை, பகைவர் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வருவார். நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிப் பகடை உருட்டுவோம். எது பலிக்கும், எது பலிக்காது என்பதற்குத் தடித்த விதிப் புத்தகம் ஒன்று இருந்தது. எங்கள் சண்டையெல்லாம் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான்.

ஆரம்பத்தில் மந்திரவாதி மிகவும் நோஞ்சான். ஒரு அடி விழுந்தால் சாய்ந்துவிடுவாள். குமரேசனின் வீரன் வெட்டிச் சாய்க்க, நான் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வருடக்கணக்கில் ஆடினேன். பலம் பிறகுதான் வரும் என்று புத்தகம் சொன்னது, நானும் காத்திருந்தேன். கடைசியில் சுவரைக் கடக்கும் மந்திரம் கிடைத்தது. அந்த வாரம் ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும். பாலத்தில் நின்று காவலர்களை எப்படித் தடுப்பது என்று குமரேசன் நெடுநாளாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். என் முறை வந்தது. ஒரே மந்திரத்தில் எல்லோரையும் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். குமரேசன் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்த அண்ணன், உட்கார்ந்ததும் அறிவித்தார். சுவர் மந்திரம் இனி மந்திரவாதியை மட்டும்தான் கொண்டுபோகும், அதுவும் ஒரு ஆட்டத்துக்கு ஒரே முறை.

"புக்குல அப்படி இல்லீங்கண்ணா" என்றேன்.

"இல்லதான். இனிமே நம்ம டேபிள்ல இருக்கும்."

"அவர் வெட்டிகினு இருந்தப்ப நான் சும்மா உக்காந்துகினு இருந்தேனே. அப்ப ஏன் ரூலை மாத்தல?"

"நீ கேக்கறது நியாயந்தான் தாமரை" என்றார். நியாயம் என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போனார். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான். நாம் சொல்வதை ஒப்புக்கொள்வார். மாற்றமாட்டார்.

பிரேமா விஷயத்தில் மட்டும் அவர் செய்ததை நான் முழுமனதோடு ஆதரித்தேன். வைத்தியர் என்பதால் எல்லோரும் அவளிடம் காயத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவள் சொன்னாள்: "வீட்ல மாமியாருக்கு மருந்து குடுத்துட்டு வரேன். இங்க வந்தும் அதே வேலைதான் செய்யறேன்." அன்றே அண்ணன் விதியை மாற்றினார். அவரவர் காயத்துக்கு அவரவரே கட்டுப் போட்டுக்கொள்ளலாம். வைத்தியருக்கு இடியை வரவழைக்கும் சக்தி. பிரேமா முதல் இடியை இறக்கிய மதியம், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே ஆடினாள். ஆனால் அந்த மாற்றத்தால் சண்டைகள் மிகவும் எளிதாகிவிட்டன. அதனால் அண்ணன் பகைவர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார், ஒரே சண்டை சாயந்திரம் வரை இழுத்தது. "ரொம்ப பேஜாரா கீதுண்ணா" என்று குமரேசனே முனகினார். "எந்த ரூலைப் போட்டாலும் ஒருத்தன் சும்மா உக்காருவான். அது யாருன்னு பாத்துகினே இருக்கணும்" என்பார் அண்ணன். அதற்கு அவர் வைத்த பெயர் சமநிலை.

இந்த வருடம் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. அதில் வாள் வீரனுக்கு ஏகப்பட்ட புதிய திறன்கள் கொடுத்திருந்தார்கள். மந்திரவாதியின் சுவர் மந்திரம் பழையபடி எல்லோரையும் கொண்டுபோவதாகவே இருந்தது. வீரனை உயர்த்தியாகிவிட்டது, என் மந்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அண்ணன் வீரனின் புதிய திறன்களை ஏற்றுக்கொண்டார், என் மந்திரத்தை மட்டும் தரவில்லை. இரண்டு மாதம் வாதாடினோம். மேஜையில், குழுவில், ஒருமுறை பேருந்து நிலையத்தில் தேவிகாபுரம் வண்டிக்குக் காத்திருந்தபோது. விதியை வரிவரியாகப் பிரித்து ஒரு மணி நேரம் பேச அவரால் முடியும். ஆனால் ஆட்டத்தின் நடுவே இடது தோளை அவர் அழுத்திவிட்டுக்கொள்வதைப் பார்த்து, "ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கண்ணா" என்று பிரேமா சொன்னபோது, "பாத்துக்கலாம், ஜல்தி உருட்டு" என்பதோடு சரி. மூவரும் மாறி மாறிச் சொன்னோம். அந்தப் பேச்சுக்கு மட்டும் அவர் ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடக்கத்தன்று சேவூரில் அவர் வீட்டு வாசலில், "நீ யாரும்மா? ஆபீஸா, சபையா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "கூட விளையாடறவங்க" என்றேன். கேரம்போர்டா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். பிரசங்கத்தில் அண்ணனின் நேர்மை, அமைதி எல்லாம் சொன்னார்கள். அமைதி என்ற இடத்தில் குமரேசன் என்னைப் பார்த்தார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஸ்டெல்லா அக்காவைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தச் சுவர் மந்திரம் உன்னுதுதானே? வீட்ல ரெண்டு மாசமா அதையே பேசிகினு இருந்தாரு."

"என்ன சொன்னாருக்கா?"

"ரூல் பிரகாரம் தாமரை சொல்றதுதான் கரெக்ட்னாரு."

கையில் இருந்த காபியைக் கீழே வைத்தேன். "என்கிட்ட நியாயம்னுதான் சொன்னாரு, கரெக்ட்னு ஒரு வாட்டிகூடச் சொல்லலீங்களே. கரெக்ட்னா ஏங்க்கா குடுக்கல?"

"நானும் கேட்டேன். குடுத்தா குமரேசன் மறுபடி எழுந்து போயிடுவான், இன்னொரு வாட்டி என்னால அவனைக் கூட்டினு வர முடியாதுன்னாரு. தாமரை எவ்ளோ கோவிச்சாலும் ஞாயித்துக்கிழமை வந்துடும்னாரு."

பாராட்டுபோலத்தான் அக்கா சொன்னார். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவருக்கு வீரனின் எல்லாத் திறன்களும் கிடைக்கின்றன. போகாதவளிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதையா இவர் சமநிலை என்று இத்தனை நாள் சொன்னார்? வண்டியை எடுக்கும்போது மனதுக்குள் மூன்று பதில் தயாராக இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த ஞாயிறு மூவரும் அறையில் கூடினோம். ஆட்டத்தை யார் நடத்துவது என்ற பேச்சு வந்தது. விதிகள் முழுக்கத் தெரிந்தவள் நான் என்பதால் என் தலையில் விழுந்தது. குமரேசன் தயங்கித் தயங்கி, "அந்தச் சுவர் மந்திரத்த பழையபடி வெச்சுடலாம்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். வைத்தோம். ஆட்டத்தை நடத்துபவர் பாத்திரம் ஏற்று ஆட முடியாது. மந்திரம் திரும்பிவிட்டது, அதை ஆட மந்திரவாதிதான் இல்லை.

அண்ணன் செய்தது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவருடைய திருத்தங்களில் பாதியை நான் நீக்கிவிட்டேன், மீதியையும் நீக்குவேன். அவர் தீர்ப்புகளில் எதுவும் என்னிடம் மிஞ்சப்போவதில்லை. நான் வைத்துக்கொள்வது ஒன்றைத்தான்: என்னைக் கேட்காமலே அவர் என்மேல் வைத்துவிட்டுப் போன நம்பிக்கை. அதன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.