இருதயம் சாரும் ஆறு ஸ்பானிஷ் வார்த்தையும்

இருதயம் சாருக்கு ஸ்பானிஷ் தெரியும்னு ராஜபாளையத்துல பாதிப்பேர் நம்புறாங்க. மிச்சப்பேருக்கு அவரைத் தெரியாது. பன்னெண்டு வருசமா அவருக்குப் பக்கத்து சீட்டுல கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கிற பர்வீன் நான் சொல்றேன். அந்த மனுசனுக்குத் தெரிஞ்சது மொத்தம் ஆறே வார்த்தை.

எங்க கம்பெனி பேண்டேஜ் துணி ஏத்துமதி பண்றது. பெரு நாட்டுலருந்து முதல் ஆர்டர் வந்தப்ப முதலாளி சுப்புராஜ் இவரைக் கூப்பிட்டு, "இருதயம், உனக்கு இங்கிலீஷ் வரும்ல, ஸ்பானிஷையும் நீயே பாத்துக்கோ"ன்னாரு. லீவு போட்டவன் பைலைப் பாத்துக்கச் சொல்ற மாதிரி! இவரும் "சரிங்க மொதலாளி"ன்னுட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போற பஸ்ஸுல ஒரு கைடை வச்சுப் படிச்சாரு. ஐ, யூ, ஹீ, ஷீ, வீ, தே, இதுக்கெல்லாம் ஸ்பானிஷ்ல என்னங்கிறது மொதப் பாடம். யோ, உஸ்தேத், எல், எய்யா, நோசோத்ரோஸ், எய்யோஸ். அதோட கைடை மூடுனவருதான். மிச்சத்தையெல்லாம் போன் மொழிபெயர்த்துரும். சார் அதுல இந்த ஆறை மட்டும் சரிபண்ணி வைப்பாரு. கேட்டா, அதுதான் பைனல் டச்சாம்.

யூவுக்கு 'தூ'ன்னு இன்னொண்ணும் உண்டு, நம்ம 'நீ' மாதிரி. துப்புற மாதிரி இருக்குன்னு அதைப் பேனாவால அடிச்சிட்டாரு. பெரு கம்பெனியிலருந்து நமக்கு மெயில் எழுதுற பொண்ணு பிரியமா 'தூ' போட்டு எழுதிட்டா போச்சு, அன்னிக்குச் சோறு இறங்காது. "வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"ன்னு என்கிட்ட வந்து பொங்குவாரு. முதலாளி தெனமும் நூறு தரம் நீ நீங்கிறது மட்டும் அவரு காதுல விழாது.

அவரோட சாமர்த்தியம் வேற எடத்துல. வெலை குறைச்சது, சீக்கிரம் அனுப்பினது, இதுக்கெல்லாம் 'யோ'. அதாவது முதலாளியாகிய நான். முதலாளி மறந்தது, முதலாளி லேட் பண்ணினது, எல்லாத்துக்கும் 'எய்யோஸ்', அவங்க. எவங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. முதலாளி "ஐ பர்காட்"னு சொன்னாக்கூட இவரு "அவங்க மறந்துட்டாங்க"ன்னு மாத்திட்டு, அதை அவருகிட்டயே படிச்சும் காட்டுவாரு. அவரும் சந்தோசமாத் தலையாட்டுவாரு.

போன ஐப்பசியில ஒரு லோடு. மூணு நாளா அடைமழை, வெளுத்த துணி சரியாக் காயல. பேக்கிங்ல இருக்கிற முனீஸ்வரி சாருகிட்ட வந்து, "அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. நாளைக்கு ஏத்துவோம்"ன்னா. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள லாரி கிளம்பணும்னு முதலாளி போன்ல கத்துறாரு. இருதயம் சார் ஒரு ஞாயிறு தவறாம மாதா கோயிலுக்குப் போயி முழங்கால் போடுறவரு. ஆனா ராகு காலம்னா முதலாளியை விடக் கறாரு. "ஏத்தும்மா, போற வழியில காஞ்சிரும்"ன்னாரு. பூட்டின கண்டெய்னருக்குள்ள எப்படிக் காயும்? பத்து இருபதுக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பிருச்சு.

நாப்பது நாள் கழிச்சு பெருவுலருந்து போட்டோ வந்துச்சு. துணி பூரா கருப்புப் பூஞ்சை. இது யாரு பண்ணின தப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீங்க, பதில் வந்தாத்தான் அடுத்த ஆர்டர்னு கீழே எழுதியிருந்துச்சு. முதலாளி யோசிக்கவே இல்ல. "தே பேக்டு இட் வெட்னு எழுது. அந்தப் பேக்கிங் ஆளை நிறுத்தியாச்சுன்னும் போடு"ன்னுட்டுப் போயிட்டாரு.

விசயம் கீழே பேக்கிங்குக்கு எட்டி, முனீஸ்வரி மூச்சு வாங்க மேலே ஏறி வந்தா. பதினோரு வருசமா அந்த வேலைதான் அவ வீட்டுல அடுப்பெரிய வச்சது. "அண்ணாச்சி, நீங்கதான ஏத்தச் சொன்னீக? உங்க பேரு வேண்டாம், மொதலாளி பேரும் வேண்டாம். ஈரம்னு நான் சொல்லிப் பாத்தேன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க, போதும்."

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "மொழிபெயர்க்கிறவன் சொன்னதை மாத்தக்கூடாது முனீஸ்வரி. அது பாவம்."

வந்துச்சே எனக்கு ஆத்திரம்! "பன்னெண்டு வருசமா மாத்தினதெல்லாம் புண்ணியமா சார்?"னு கத்தினேன். "செத்த நேரம் சும்மா இரும்மா"ன்னாரு. முனீஸ்வரி முந்தானையால மொகத்தைத் துடைச்சுக்கிட்டுக் கீழே எறங்கிப் போயிட்டா. அன்னிக்குத்தான் முதலாளி சொன்னதைச் சொன்னபடியே அவரு மொதமொதல்ல மொழிபெயர்த்தாரு.

எழுதி முடிச்சு, பேப்பரை என் மேசையில வச்சாரு. ஆபீஸ் மெயில் எல்லாம் என் கம்ப்யூட்டர்லருந்துதான் போகும். கிழிச்சுப் போட்டிருக்கலாம். அவ கேட்ட ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். எனக்கும் ரெண்டு புள்ளைக. அப்படியே டைப் அடிச்சேன், எழுத்துப்பிழை பாத்தேன், அனுப்பினேன்.

ஆர்டர் வந்துருச்சு. கிறிஸ்துமஸுக்கு முதலாளி இருதயம் சாருக்குப் பேன்ட் சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தாரு. முனீஸ்வரி வத்திராயிருப்புல தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போறா. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல என்னைப் பாத்துட்டு ஓடி வந்தா. "அந்த லெட்டரைக் கடைசியில யாரு அனுப்புனா, பர்வீனு?"

"இருதயம் சார்தான்"னேன்.

"எனக்காகச் சண்டை போட்டது நீ ஒருத்திதாண்டி"ன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. நான் ஆமான்னு தலையாட்டினேன்.