மெட்ராஸில் தண்ணீர் வருகிறது

டில்லியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் மட்டும் பதினோரு தமிழ்க் குடும்பங்கள். பால் பூத்திலும் பஸ்ஸிலும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: மதராஸி. தஞ்சாவூர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. திருநெல்வேலிக்காரரான என் கணவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "நான் மெட்ராஸப் பாத்ததே ரயில் மாறதுக்குத்தான்" என்பார். நான் ஒருத்திதான் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அந்தப் பெயருக்கு உண்மையான உரிமை எனக்குத்தான் என்று சொல்லிக்கொள்வேன். யாரும் பங்குக்கு வரவில்லை.

அந்தப் பதினோரு வீட்டிலும் மெட்ராஸைப் பற்றி நல்ல வார்த்தை கிடையாது. கூவம், கொசு, கசகசப்பு என்று அடுக்கிவிட்டு, "அதெல்லாம் ஒரு ஊரா?" என்று முடிப்பார்கள். என் வாயில் தப்பித் தவறி ஒரு 'இன்னா' வந்துவிட்டால் போதும், மாடி வீடு வரைக்கும் சிரிப்பு கேட்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொசு இல்லாத ஊரில் பிறந்தவர்கள் எதற்கு இங்கே வந்து கொசுவலைக்குள் படுத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு வருஷம் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன்.

கல்யாணமாகி வந்த முதல் மே மாதம், சாயங்காலம் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று கணவர் கேட்டார். காற்றுக்கு என்றேன். மெட்ராஸில் பகலெல்லாம் எப்படிக் கொளுத்தினாலும் அந்த நேரத்துக்குக் கடல்காற்று வந்துவிடும். இங்கே வந்தது அனலும் புழுதியும். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். காற்று வரவில்லை, வேறொன்றுமில்லை. ஆனால் ஊரை விட்டு வந்துவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பிறகு எனக்கும் அரசாங்க வேலை கிடைத்தது. குளிர்காலத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அலுவலகத்துப் பெண்களெல்லாம் புல்வெளியில் வெயில் காய்வார்கள். மடியில் வேர்க்கடலை, கையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசி. என் பக்கத்தில் உட்காருகிறவள் என்னைவிடப் பதினைந்து வயது மூத்த பஞ்சாபிக்காரி. பெஹன்ஜி என்று கூப்பிடுவேன். அவள் பிறந்த ஊர் லாகூர். பிரிவினையில் வந்தவள், திரும்பிப் போனதே இல்லை. உலகத்தில் ஊர் என்றால் லாகூர்தான், மற்றதெல்லாம் இறங்கி ஏறுகிற ஸ்டேஷன் என்பது அவள் கட்சி. நான் மெட்ராஸுக்கு வக்கீல். இரண்டு பேரும் சளைக்காமல் சண்டை போடுவோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மெட்ராஸில் மழை பொய்த்தது. ஜனவரியில் ஒருநாள் பெஹன்ஜி பேப்பரைக் கொண்டுவந்து விரித்தாள். தெரு நீளத்துக்குப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கும் படம்.

"அரே மதராஸி! கடல் இருக்கு, கடல் இருக்குன்னியே. குடிக்கத் தண்ணி இல்லையாமே உங்க ஊர்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. பேப்பர்காரன் எங்கேயோ ஒரு தெருவைப் படம் எடுத்துவிட்டு ஊர் முழுக்க அப்படித்தான் என்கிறான் என்றேன். அன்று சாயங்காலமே அம்மாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். அப்பா போன பிறகு அம்மா சிந்தாதிரிப்பேட்டை வீட்டின் கீழ்ப் போர்ஷனில் தனியாக இருந்தாள். நான் ஒரே பெண். 'இங்கே ஒரு பஞ்சாபி அம்மாவும் மற்றவர்களும் நம் ஊரைக் கேலி செய்கிறார்கள். குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று விவரமாக எழுது. அதைப் படித்துக் காட்டி அவர்கள் வாயை அடைக்க வேண்டும்' என்று எழுதினேன். இதை நானே என் கையால் எழுதினேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'அந்த அம்மாவிடம் சொல்லு. நம் வீட்டுக் குழாயில் காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது. நேற்று வீடு முழுக்கக் கழுவி விட்டேன். செம்பருத்திக்கும் ஊற்றினேன். பூ வைத்திருக்கிறது.'

புல்வெளியில் நின்றுகொண்டே அதை ஹிந்தியில் படித்தேன். இரண்டு மணி நேரத்தை மூன்று மணி நேரமாக்கினேன். பெஹன்ஜி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள். "அச்சா. அம்மா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று என் கையில் வேர்க்கடலையை அள்ளி வைத்தாள். அதன் பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துக் காட்டினேன். ஒரு கடிதத்தில் அம்மா கம்பளி துவைத்தாள், இன்னொன்றில் முற்றம் தெளித்தாள். கடைசியில், 'அந்தப் பஞ்சாபி அம்மா இப்போது என்ன சொல்கிறாள்?' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும்.

மார்ச்சில் தந்தி வந்தது. அம்மா விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சீரியஸ், உடனே புறப்படு. தந்தி கொடுத்தது பக்கத்துப் போர்ஷன் அக்கா.

சென்ட்ரலில் இறங்கி, பெட்டியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நேரே வீட்டுக்குப் போனேன். அக்கா சாவியைக் கொண்டுவந்து திறந்தாள். முற்றத்தில் செம்பருத்தி குச்சியாக நின்றது. உள்ளே தரையெல்லாம் பாத்திரம். இட்லிச் சட்டி, குக்கர், தூக்கு, டம்ளர் என்று ஒன்று விடாமல் தண்ணீர் நிரப்பித் தட்டு போட்டு மூடியிருந்தது.

"கொழாயில தண்ணி வந்து மூணு மாசமாச்சும்மா" என்றாள் அக்கா. "லாரி தெருமுனையில நிக்கும். நாங்க கொண்டாறோம்னா கேக்க மாட்டாங்க. அன்னிக்குக் கூட்டம் நெருக்குச்சு, கொடத்தோட வுழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு போயிடுச்சு."

"எனக்கு ஏன் எழுதல?"

"நீ லெட்டர ஆபீஸ்ல படிச்சுக் காட்டுறியாமே? எம்பொண்ணு தலை குனியக் கூடாதுன்னு சொல்லுவாங்க. லெட்டர் எழுத ஒக்காந்தா, இன்னிக்கு இன்னாத்த கழுவுனேன்னு எழுதட்டும்னு எங்கிட்டதான் கேப்பாங்க."

ஆஸ்பத்திரியில் அம்மா காய்ச்சலோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"லீவுக்கு இன்னான்னு சொன்னே?"

"நீ விழுந்துட்டேன்னு."

"எங்க வுழுந்தேன்னு சொன்னே?"

"எனக்கே தெரியாதே. எங்க சொல்றது?"

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லு. லாரியாண்டன்னு சொல்லாத. அந்தம்மா சிரிக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் திட்டினேன். உனக்குப் புத்தி இருக்கா, பெரிய ஊரு இது, இதுக்காக இடுப்ப ஒடச்சுக்கிட்டியா என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே கண்ணு எழுதச் சொன்னே" என்றாள்.

அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. நான்காம் நாள் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, அம்மா போய்விட்டாள்.

அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவள் நிரப்பி வைத்த பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தேன். வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தெருவில் வீட்டுக்கு ஒரு குடமாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று லாரி வரவில்லை. யாரிடமும் யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பெண் குடத்தை இறக்கிவிட்டு, "எங்களுக்கு நாளைக்கு வந்தாப் பாத்துக்கறோம்" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அவள் எந்த வீடு என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

டில்லிக்குத் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. அலுவலகத்துப் பெண்கள் புல்வெளியை விட்டு வேப்பமரத்தடிக்கு மாறியிருந்தார்கள். பெஹன்ஜி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எப்படி ஆயிற்று என்று கேட்டாள்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். தரையெல்லாம் தண்ணீர்" என்றேன்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். "ஆமாம். உங்க ஊர்லதான் தண்ணி நிறைய வருதே, அம்மா எழுதியிருந்தாளே" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

என் வாசலில் வந்து நின்ற குடங்களைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அத்தனை வருஷச் சண்டையில் என் ஊருக்காகச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சாட்சி அதுதான். அதைச் சொன்னால் அம்மாவின் கடிதங்களெல்லாம் பொய்யாகிவிடும். பெஹன்ஜி ஓய்வு பெற்றுப் போகிற வரைக்கும் நான் சொல்லவில்லை.